செமி ஆட்டோ ரைபிள்: ஆர்மரரிடம் கேளுங்கள்

ராணுவத்தில் நான் ஆர்மரர். சுடுவது என் தொழில் இல்லை. மற்றவர்கள் சுட்டுக் கெடுத்துக்கொண்டு வருவதைச் சரிபண்ணுவதுதான் தொழில். ஓய்வு பெற்று நீலகிரியில் வெலிங்டன் பக்கம் குடியிருக்கிறேன். செமி ஆட்டோ ரைபிளின் நிறைகுறை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விலை என்ன, எங்கே கிடைக்கும், எப்படி மாற்றுவது என்ற மூன்றையும் கேட்க வேண்டாம்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: செமி ஆட்டோவுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் என்ன வித்தியாசம் சார்?

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு குண்டு. அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையை, சுட்டபோது பிறந்த வாயுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் விரலை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்தது போகும். அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டே இருப்பது ஆட்டோமேட்டிக். நம் படையில் முன்பு இருந்த எஸ்.எல்.ஆர். (7.62 மி.மீ. தோட்டா) செமி. அதற்குப் பிறகு வந்த இன்சாஸில் (5.56 மி.மீ. தோட்டா) ஒற்றையும் உண்டு, ஒரே அழுத்தில் மூன்று குண்டு போகும் பர்ஸ்ட்டும் உண்டு. 1962-ல் சீனர்களிடம் தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இருந்தது. நம் ஆட்களோ ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புக் கட்டையை, கையால் இழுக்க வேண்டிய .303-ஐ வைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் இஷாப்பூரில் தயாரான எஸ்.எல்.ஆர். படைக்கு வந்தது.

அருவங்காடு: எங்கப்பா கார்டைட் ஃபேக்டரியில இருந்தவர். "மருந்து மாறினா நல்ல ரைபிளும் படுத்துக்கும்"னு சொல்லுவார். நிஜமா அண்ணே?

நூற்றுக்கு நூறு நிஜம். மருந்து என்றால் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து. இன்று வந்த கேள்விகளில் இதுதான் கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

செமி ஆட்டோவில் குழலின் பக்கத்தில் ஒரு சின்ன துளை இருக்கும். குண்டு அதைத் தாண்டும்போது வாயுவில் கொஞ்சம் அந்த வழியே வந்து போல்ட்டைப் பின்னே தள்ளும். அந்த இடத்தில் அழுத்தம் எவ்வளவு என்பது மருந்து எரியும் வேகத்தைப் பொறுத்தது. துளையின் அளவு, ஸ்பிரிங்கின் பலம் எல்லாவற்றையும் ஒரு மருந்தை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். மருந்தை மாற்றினாலும் குண்டு அதே வேகத்தில் போகலாம். ஆனால் உள்ளே கணக்கு கெட்டுவிடும்.

அமெரிக்காவின் எம்-16 கதை இதுதான். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.-15 ஒரு வகை மருந்துக்குச் சரியாக ஓடியது. அது எம்-16 என்ற பெயரில் ராணுவத்துக்குப் போனபோது மருந்தை மாற்றினார்கள். புது மருந்தில் அந்தத் துளையருகே அழுத்தம் கூடியது. போல்ட் வேகமாகப் பின்வாங்கியது. சுட்ட தோட்டாவின் கூடு, அது உட்காரும் அறையான சேம்பரின் சுவரை விடுவதற்கு முன்பே அதைப் பிடித்து இழுத்தது. கரியும் அதிகம் படிந்தது. வியட்நாமின் ஈரத்தில், குரோம் பூசாத சேம்பர் துருப்பிடித்துக் கூட்டைக் கவ்விக்கொண்டது. சிக்கிய கூட்டை முன்பக்கமிருந்து குத்தித் தள்ளக் கம்பி வேண்டும். அந்தக் கம்பியும் கிளீனிங் சாமானும் பலருக்குக் கொடுக்கப்படவே இல்லை. ‘இது சுத்தம் பண்ணவே வேண்டாத ரைபிள்’ என்ற பேச்சு வேறு. 1966, 67-ல் சிக்கிய துப்பாக்கியோடு பையன்கள் செத்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்துக் கண்டித்தது. அப்புறம் சேம்பருக்குக் குரோம் பூசினார்கள், போல்ட்டின் வேகத்தைத் தாங்கும் பஃபரை மாற்றினார்கள், கிளீனிங் கிட் கொடுத்தார்கள். அதே வடிவமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடுகிறது.

ஆக, ரைபிளை மட்டும் தனியாக எடுத்து நல்லது, கெட்டது என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. ரைபிள், தோட்டாவை அடுக்கும் பெட்டியான மேகசின், தோட்டா, அதைத் துடைக்கிற ஆள் என்று நாலும் சேர்ந்ததுதான் ஆயுதம். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஊட்டி: ஏ.ஆர். வகையில கேஸ் டியூப். எஸ்.எல்.ஆரில் பிஸ்டன். எது உசத்தி?

அடுப்பைச் சமையலறைக்குள் வைப்பதா, கொல்லையில் வைப்பதா என்ற மாதிரி. ஏ.ஆரில் சூடான வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே போல்ட் இருக்கும் இடத்துக்கே வரும். அசையும் பாகம் குறைவு, எடை குறைவு, உதை நேராகத் தோளுக்கு வருவதால் முனை அதிகம் எகிறாது, குறி நன்றாக நிற்கும். ஆனால் கரியும் சூடும் முழுக்க உள்ளே. பிஸ்டன் வகையில் வாயு முன்பக்கம் ஒரு தடியைத் தள்ளும், தடிதான் போல்ட்டைத் தள்ளும்; அதனால் கரி முன்பக்கமே நின்றுவிடும். போல்ட்டைக் கழற்றினால் கை அவ்வளவாகக் கறுக்காது. அதற்குப் பதிலாக முன்பக்கம் கனக்கும், ஒரு தடி முன்னும் பின்னும் அடிப்பதால் குழல் கொஞ்சம் அதிரும். உசத்தி தாழ்த்தி இல்லை. துடைக்கச் சோம்பேறி என்றால் பிஸ்டன்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: எண்ணெயை ஊற்றாதீர்கள். துணியில் தொட்டுத் துடைத்து, பளபளப்பு தெரிந்தால் போதும்.

குன்னூர்: எந்த ரைபிள் சார் பெஸ்ட்?

அருவங்காட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

கூடலூர்: தோட்டத்துக்குக் கரடி, காட்டுமாடு, பன்னி எல்லாம் வருது. ஒரு செமி ஆட்டோ வாங்க லைசென்ஸ் போடலாமா?

வேண்டாம் தம்பி, கிடைக்கவும் செய்யாது. 7.62, .303 போன்ற படைத் தோட்டா போகும் ரைபிள் சாதாரண ஆளுக்குத் தடை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கியே இரண்டுதான். கரடியும் காட்டுமாடும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கை வைத்தால் ஜெயில். உரிமத் துப்பாக்கி ஏற்கெனவே வீட்டில் இருந்தாலும், சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் வனத்துறையில் பதிய வேண்டும். முதுமலை ஓரத்தில் இருக்கிற நீங்கள் ரேஞ்சர் ஆபீஸுக்குப் போன் போடுங்கள்.

ஜெகதளா, ஓய்வுபெற்ற சுபேதார்: எஸ்.எல்.ஆரை மிஞ்சின ரைபிள் இன்னும் பிறக்கலை. ஒரு குண்டு, ஒரு ஆள். இன்சாஸ் பொம்மை. என்ன சொல்றே?

சுபேதார் சாப், இது வரும் என்று தெரியும்.

எஸ்.எல்.ஆரின் நல்லதை நானே சொல்கிறேன். போல்ட்டை இழுக்கும் கைப்பிடி இடது பக்கம், வலக்கை பிடியை விட வேண்டியதில்லை. கேஸ் ரெகுலேட்டர் இருக்கிறது: கரி ஏறித் திணறினால் வளையத்தைச் சில சொடுக்கு திருப்பி வாயுவைக் கூட்டிக்கொள்ளலாம். சேற்றில் புரண்டு வந்ததைக்கூட அப்படி ஓட்டிவிடுவார்கள். குறை? நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், நாலு கிலோவுக்கு மேல் கனம், மழையில் ஊறும் மரக் கட்டை. புது ரெக்ரூட் நாலு ரவுண்டு சுட்டதும் அடுத்த உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பான். அது குண்டின் குறை இல்லை, ஆனால் குண்டு குறியில் விழாது.

பர்லியார், முன்னாள் நாயக்: சாப் மன்னிக்கணும். இன்சாஸ்ல சுட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும், உதையே இல்லை. நானூறு மீட்டர்ல இலக்குத் தட்டைத் தட்டும்.

சுபேதார்: கார்கில்ல மேகசின் வெடிச்சுப் போனதையும் சொல்லுப்பா.

இரண்டு பேரும் சொல்வது உண்மை. 1999-ல் அந்தக் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, சுடும்போது எண்ணெய் முகத்தில் தெறித்தது என்று புகார்கள் பத்திரிகையிலேயே வந்தன. ஆனால் பாருங்கள், முதல் புகார் மேகசின் மேல், இரண்டாவது எண்ணெய் மேல். மேகசினின் வாய் உதட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் தோட்டா ஒரு நூல் தலை தூக்கி நிற்கும். போல்ட் முன்னே வரும்போது அதன் மூக்கு சேம்பரின் விளிம்பில் முட்டி நிற்கும். பார்ப்பவன் ‘ரைபிள் ஜாம்’ என்பான். என்னிடம் வந்த ஸ்டாப்பேஜ்களில் (சுடும்போது நின்றுபோன தகராறுகளில்) பாதிக்கு மேல் மேகசினை மாற்றியதும் போய்விடும். அதனால்தான் மேகசினுக்கு நம்பர் போட்டு வை, தகராறு செய்வதைத் தனியே எடுத்து வை என்று தொண்டை வறளச் சொல்வேன்.

மஞ்சூர்: ஆனா 5.56 ஆளைக் கொல்றதுக்கு இல்லையாமே. காயப்படுத்தினா தூக்க ரெண்டு பேர் வேணும், மூணு பேர் காலி. அதுக்காகவே செஞ்சதாம்.

இந்தக் கதையை எல்லா பாரக்ஸிலும் கேட்டிருக்கிறேன். சின்னத் தோட்டாவைத் தேர்ந்ததற்குக் காரணம் எடையும் உதையும். 7.62 ஒரு ரவுண்டு சுமார் 24 கிராம், 5.56 சுமார் 12. நூறு ரவுண்டுக்கு 2.4 கிலோ எங்கே, 1.2 கிலோ எங்கே? மலையில் மூச்சு வாங்க ஏறுகிறவனுக்கு அந்த 1.2 கிலோவின் அருமை தெரியும். இரட்டிப்பு ரவுண்டு சுமக்கலாம், உதை குறைவதால் அடுத்த குண்டும் குறியிலேயே விழும். தூரம் கூடக் கூட 5.56 சோர்ந்துவிடும், காற்றில் சாயும், அங்கே 7.62-தான்.

சுபேதார்: அதான் மறுபடி 7.62-க்கே வந்துட்டாங்க, சிக் 716! நான் ஜெயிச்சேன்.

அந்த அமெரிக்க ரைபிளை 2019-ல் 72,400 வாங்கினார்கள், 2024-ல் இன்னும் 73,000 வாங்க ஒப்பந்தம். எல்லையில் எதிர்மலைச் சரிவு வரைக்கும் எட்ட வேண்டும், தடுத்து நிறுத்த வேண்டும் என்ற தேவை. அதற்கு அது பொருத்தம். குழல் 16 அங்குலம்தான், எஸ்.எல்.ஆரைவிடக் கையடக்கம்; மேலே ரெயில் என்ற பள்ளம் வெட்டிய பட்டை இருப்பதால் குறிபார்க்கும் சைட்டை மாட்டலாம். ஆனால் அதே பழைய சுமை, அதே உதை, அதே இருபது ரவுண்டு மேகசின். நீங்கள் ஜெயிக்கவில்லை சாப், டிரா.

முன்னாள் நாயக்: ஏ.கே.-203 ரைபிளை ஆறு லட்சத்துக்கு மேல உ.பி. கோர்வாவுல செய்றாங்க. அதை என்ன சொல்றீங்க?

அது ஆட்டோமேட்டிக். இன்னொரு நாள். அதையும் இழுத்தால் சாப் இன்று தூங்க மாட்டார்.

குன்னூர் (வேறு ஒருவர்): ஒரே வார்த்தையில சொல்லுங்க, எது பெஸ்ட்?

துடைத்து வைத்தது.

பெயர் வேண்டாம் என்றவர்: செமியை ஃபுல் ஆட்டோ ஆக்க முடியுமா?

முதல் பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு இங்கே பதில் இல்லை, இனியும் இருக்காது.

லவ்டேல், என்.சி.சி. மாணவியின் தாய்: மகள் கேம்ப்ல ரைபிள் பயிற்சிக்குப் போறா. என்ன சொல்லி அனுப்பட்டும் ஐயா?

நல்ல கேள்வி அம்மா. அங்கே பெரும்பாலும் .22 இருக்கும், கவலை வேண்டாம். எந்தத் துப்பாக்கி ஆனாலும் வரிசை மாறக் கூடாது: முதலில் மேகசினைக் கழற்று, பிறகு போல்ட்டை இழு, பிறகு சேம்பரைக் கண்ணால் பார், வெளிச்சம் இல்லையென்றால் விரலை விட்டுத் தடவிப் பார். செமி ஆட்டோவின் பெரிய ஆபத்தே இதில்தான். மேகசினைக் கழற்றாமல் போல்ட்டை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், ‘காலி’ என்று நினைத்துக் கையை விடுவார்கள். அதற்குள் அடுத்தது ஏறியிருக்கும். மேகசினை மட்டும் கழற்றினாலும் சேம்பரில் ஒன்று தங்கும். காலி என்று யார் சொல்லிக் கொடுத்தாலும் அவளே ஒருமுறை பார்க்க வேண்டும். வாத்தியார் கோபித்தால் கோபிக்கட்டும்.

கோத்தகிரி, எஸ்டேட் அலுவலகம்: உரிமத்தோட ஒரு பழைய .315 இருக்கு. ஜூலை மழையில துரு ஏறுது. எண்ணெய் ஊத்தி தோல் உறையில போட்டு வெச்சா போதுமா?

ஊற்றாதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன்! ஊற்றிய எண்ணெய் மரக் கட்டைக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். தோல் உறை அதைவிட மோசம்: நம் ஊர் மூடுபனியின் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், தோல் பதனிட்ட உப்பும் இரும்பைத் தின்னும். உறையில் வைத்த துப்பாக்கியை மழை முடிந்து எடுத்தால் தையல் ஓடிய கோடு அப்படியே துருவாகக் குழலில் பதிந்திருக்கும். வெறுங்கையால் தொட்ட விரல் ரேகைகூட மறுநாள் பழுப்பாகத் தெரியும். எடுத்ததும் மேகசின், போல்ட், சேம்பர் பாருங்கள். குழலுக்குள் இழுக்கும் கயிறான புல்த்ரூவில் உலர்ந்த துணித்துண்டு இரண்டு முறை, எண்ணெய் தொட்ட துணித்துண்டு ஒரு முறை. வெளியே துணியால் துடைத்து, உறை இல்லாமல், பூட்டும் அலமாரியில் நிற்க வையுங்கள். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். துரு குழிவிட்டிருந்தால் சுட வேண்டாம், உரிமம் உள்ள துப்பாக்கி கடையில் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

சுபேதார்: டிரா இல்லை.

சரி சாப். ஞாயிற்றுக்கிழமை கேண்டீனுக்கு வாங்க, நாயக்கையும் கூப்பிடுகிறேன். டீ உங்கள் கணக்கு.