டிரான்ஸ்ஃபர் காசு இல்லைதான், ஆனால் இலவசமும் இல்லை

கேள்வி: வடசென்னையில் பதிவுபெற்ற கால்பந்து கிளப் ஒன்றின் பொருளாளர் நான். எங்கள் ஒரு வருட மொத்தச் செலவே 12 லட்சம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆடிய 36 வயது ஃபார்வர்டு ஒருவர் ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கிறார். சீசனுக்கு 5 லட்சம் வீதம் இரண்டு சீசன் கேட்கிறார். ஸ்பான்சர் ஒருவர் இந்த வருடம் 4 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மீதிக்கு கிளப்பின் 3 லட்சம் எஃப்டியை உடைக்கலாமா? ‘டிரான்ஸ்ஃபர் காசு மிச்சம்தானே’ என்கிறார் எங்கள் செயலாளர்.

பதில்: செயலாளர் சொல்வது பாதிதான் சரி. 1995-ல் போஸ்மன் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, ஒப்பந்தம் முடிந்தவருக்காக அவருடைய பழைய கிளப்புக்குப் பணம் கட்டும் வழக்கம் அங்கே ஒழிந்தது. அந்தக் காசு மிச்சமாகிவிடவில்லை. சம்பளம், சைனிங் போனஸ், ஏஜென்ட் கமிஷன் என்று வேறு பைகளுக்குப் போனது. 20 வயதுப் பையன் என்றால் நாளைக்கு வேறு கிளப் கேட்டு வரும்போது ஏதாவது திரும்பி வரலாம். 36 வயதில் அந்தப் பேச்சே இல்லை. ஆக, இது முதலீடு அல்ல, செலவு. செலவே கூடாது என்று சொல்லவில்லை; கல்யாணத்துக்கு மேளம் வைப்பதும் செலவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வயதும் இல்லை, 5 லட்சமும் இல்லை. ‘இரண்டு சீசன்’ என்பதுதான்.

2020 கோடையில் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். (நான் ஆர்சனல் ரசிகன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.) செல்சி கிளப்பில் ஒப்பந்தம் முடிந்த வில்லியனுக்கு வயது 32. கிளப் இரண்டு வருடம்தான் தருவேன் என்றது, அவர் மூன்று கேட்டார். ஆர்சனல் மூன்றைக் கொடுத்துக் கூட்டி வந்தது. 55 ஊழியர்களை நிறுத்தப்போவதாக அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை அப்போது. ஃபுல்ஹாமுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பிரமாதமாக ஆடி, கோல்களுக்கு வழி செய்தார். அப்புறம்? சீசன் முழுக்க ஒரே ஒரு கோல், அதுவும் மே மாதம், வெஸ்ட் பிராமுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக்கில். ஒரு வருடத்திலேயே பேசி முடித்து அவர் பிரேசிலுக்குக் கிளம்பிவிட்டார். கிளம்ப மறுத்திருந்தால் மீதி இரண்டு வருடமும் சம்பளம் ஓடியிருக்கும்.

ஆர்சனல் வில்லியனை எடுத்த அதே மாதம் செல்சி, டிரான்ஸ்ஃபர் காசில்லாமல்தான், தியாகோ சில்வாவை எடுத்தது. வில்லியனைவிட மூத்தவர், 36-ஐத் தொடச் சில வாரங்களே பாக்கி. ஆனால் ஒப்பந்தம் ஒரே வருடம், வேண்டுமானால் நீட்டிக்கலாம் என்ற ஷரத்தோடு. முதல் லீக் ஆட்டத்தில் பந்தைக் கோட்டைவிட்டு கோல் வாங்கினார். அதுவும் இதே வெஸ்ட் பிராமிடம்தான்! இருந்தும் அந்த சீசனில் செல்சி சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. பிறகு ஒவ்வொரு வருடமாக நீட்டி, 2024 வரை வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். இரண்டு சீசனுக்கு 10 லட்சம். ஸ்பான்சர் தருவது 4, அதுவும் இன்னும் வாய்வார்த்தைதான். எஃப்டியை உடைத்தாலும் 3 லட்சம் துண்டு விழும். அந்த எஃப்டி கிரவுண்டு வாடகைக்கும் பையன்களின் காயத்துக்கும் வைத்திருப்பது என்றால் அதைத் தொடாதீர்கள்.

ஒரு சீசன் மட்டும் பேசுங்கள். 2.5 லட்சம் நிலையான தொகை, மீதி ஆடிய ஆட்டத்துக்கு இவ்வளவு என்று. எல்லாம் சேர்த்தும் ஸ்பான்சரின் 4 லட்சத்தைத் தாண்ட வேண்டாம். அடுத்த சீசனுக்கு நீட்டும் உரிமை கிளப்பிடம் இருக்கட்டும். அட்வான்ஸ் கேட்டால், முழங்காலை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். சீசன் நடுவில் அடிபட்டால் எதுவரை சம்பளம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் ஆடிட்டரிடமும் கேளுங்கள். ஆட்டக்காரர் கேட்கும் தொகை பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்பா? கையில் 5 லட்சம் வேண்டும் என்றால் உங்களுக்கு ஆகும் செலவு ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

இரண்டு சீசன் இல்லாமல் வரமாட்டேன் என்றால், கைகுலுக்கி அனுப்பிவிடுங்கள். ஒரு சீசனுக்குச் சம்மதித்தாலும், ஸ்பான்சரின் பணம் கிளப் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.