கண்மாயில் விழுந்த விமானம்

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் விமானம் ஒன்று எங்கள் கண்மாயில் விழுந்தது என்று அப்பத்தா சொல்வார். எங்கள் நெல் குதிருக்கு மூடியாக இருக்கும் தகடு அதன் இறக்கைதானாம். நம்பலாமா? இறந்தவர்களை எங்கே புதைத்திருப்பார்கள்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விமானத்தை நம்பலாம், ஜப்பானைத்தான் நம்புவதற்கில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஆனால் ஜப்பான்காரனுக்குப் பயந்து பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைந்த ஊர்களில், வானத்தில் இரைச்சல் கேட்டால் ஜப்பான் என்றுதானே தோன்றும்? செட்டிநாட்டில் போர்க்கால ஓடுதளம் வைத்திருந்தவர்கள் பிரிட்டிஷார். இன்றைக்கு அது கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கிறது. விழுந்தது அவர்கள் பக்கத்து விமானமாகத்தான் இருக்கும்.

விமானம் விழுந்தால் எல்லாரும் போய்விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய, பிரிட்டிஷ் தரப்பின் கட்டலினா ரக ரோந்து விமானம், அந்த ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டு கம்பியில்லாத் தந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. 9 பேரில் 3 பேர் இறந்தார்கள். விமானி, கனடாக்காரர் லியனார்ட் பர்ச்சால் உட்பட 6 பேர் கைதானார்கள்.

உங்கள் கண்மாய்க்காரர்களை உள்ளூரில் புதைத்திருந்தாலும் அங்கேயே தேட வேண்டாம். பராமரிக்க ஆளில்லாத கல்லறைகளைத் தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் 1952இல் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள். உடலே கிடைக்காத விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்துச் சுவரில் இருக்கின்றன. விமானம் எந்தப் படைப்பிரிவுடையது என்று தெரிந்தால், அதன் அன்றாடப் பதிவேட்டை லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஏறிய நேரம், இறங்கிய நேரம், போனவர்கள் பெயர் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும்.

எனக்கு ஆசை அந்தக் குதிர் மூடி மேல்தான். ஓரத்தில் ஒரே சீராக ரிவெட் துளைகள், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி அடித்த துளைகள், இருக்கின்றனவா? திருப்பிப் போட்டு, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மையில் அடித்த எழுத்தோ, பொறித்த எண்ணோ தெரியலாம். அமெரிக்கத் தகடு என்றால், விமானத்துக்கான அலுமினியத் தகட்டின் பெயரான 'ஆல்கிளாட்' என்பதை அச்சடித்திருப்பதுண்டு. எது தெரிந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். அதற்குள் வீட்டில் யாராவது சாம்பல் போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.