ஹாம்ஸ்டர் வளர்ப்பு: கேளுங்க, பதில் சொல்றேன்

கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஹாம்ஸ்டர்ங்கற இந்த எலி வகைப் பிராணியில உங்ககிட்ட இருக்கறது பெரிய இனமான சிரியனா, குட்டை இனமா, எத்தனை வாரக் குட்டி, இது தெரியாம பதில் சொல்ல முடியாது. இன்னொண்ணு, வீட்ல இருக்கற மனுஷ மருந்து எதையும் கொடுத்துட்டு வந்து கேக்காதீங்க. கேட்டுட்டுக் கூடக் கொடுக்காதீங்க.

வேளச்சேரி: சிரியன், 4 மாசம். கடையில தந்த ரெண்டு மாடிக் கம்பிக் கூண்டு. ராத்திரி பூரா கம்பியைக் கடிக்குது. பல் வளர்றதாலயா?

பல் வளர்றது உண்மைதான். ஆனா அதைத் தேய்க்க ஒரு மரத்துண்டு போதும். கம்பியைக் கடிக்கறது, தோண்ட இடம் இல்லாததால. சுவிட்சர்லாந்துல பெர்ன் பல்கலைக்கழகம் 2006ல வெளியிட்ட ஆய்வுல ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழ பெட்டிங்ல, அதாவது தோண்டறதுக்குத் தரையில போடற மரச்சுருள் மாதிரிப் பொருள்ல, விட்டுப் பாத்தாங்க. 10 செ.மீ.ல இருந்ததுங்க கம்பியை அதிகமாக் கடிச்சுது, 80ல இருந்ததுங்க கடிக்கவே இல்ல. உங்க கூண்டுத் தட்டுல 3 செ.மீ. கொட்டவே இடம் இருக்காது.

மாடி வேண்டாம், தரைதான் வேணும். குறைஞ்சது 100 x 50 செ.மீ. புதுசா வாங்கணும்னு இல்ல. லேசா ஒழுகுதுன்னு ஒதுக்கின 4 அடி மீன் தொட்டி பழைய சாமான் கடையில கிடைக்கும், நமக்கு ஒழுகினா என்ன? நீளம் கூட இருக்கறதால அகலம் ஒண்ணரை அடி இருந்தாப் போதும். மேல கம்பி வலை மூடி, கண்ணாடி மூடி கூடாது. உள்ள 25 செ.மீ. ஆழத்துக்குப் போட 135 லிட்டர் பெட்டிங் பிடிக்கும். கடைப் பாக்கெட் ஒண்ணை வாங்கிட்டு வந்து ஏமாறாதீங்க.

எதைப் போடறது? அச்சடிக்காத காகிதக் கீற்று பாதி, சூளையில காயவெச்ச மென்மரச் சுருள் பாதி, நடுநடுவே காஞ்ச புல் ஒரு அடுக்கு. புல் இருந்தாத்தான் சுரங்கம் இடியாம நிக்கும். நல்லா அமுக்கிப் போடுங்க. தச்சுப் பட்டறைத் தூள் ஆகாது: பிளைவுட் பசை, பாலிஷ், தேக்குத் தூசி எல்லாம் அதுல கலந்திருக்கும். தேவதாரு வகையும் வேண்டாம். பஞ்சு மாதிரி விக்கற "படுக்கை" கால்ல சுத்திக்கும், முழுங்கினா குடல் அடைக்கும். வாசனை இல்லாத டிஷ்யூவைக் கிழிச்சுப் போட்டா அதுவே கூடு கட்டிக்கும்.

முழுசா ஒரே நாள்ல மாத்தாதீங்க. அதோட வாசனை போனா பதறிடும். மூத்திர மூலையை மட்டும் ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா அள்ளுங்க.

அது ஓடறதுக்கு வைக்கற சக்கரமும் அதே கதை. சிரியனுக்கு 11 அங்குலம், குட்டை இனத்துக்கு 8. ஓடும்போது முதுகு வளைஞ்சா சின்னதுன்னு அர்த்தம். ஓடற பரப்பு மூடியிருக்கணும். கம்பிக் கம்பியா இருந்தா கால் மாட்டி ஒடியும்.

அம்பத்தூர்: மேல் மாடி வீடு, ஏசி இல்ல. மே மாசம் தாங்குமா?

18லிருந்து 24 டிகிரி வரைக்கும் அதுக்குச் சௌகரியம். 30 தாண்டினா ஆபத்து. தொட்டியை மேற்குச் சுவர்ல இருந்து எடுத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில தரையோட வைங்க. உறையவெச்ச தண்ணி பாட்டிலைத் துணி சுத்தித் தொட்டிக்கு வெளியே ஒட்டி வைங்க. உள்ள ஒரு டைல்ஸ் துண்டு, மேல ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து. ஃபேன் நேரா படக்கூடாது.

மல்லாந்து கிடந்து, வாய் ஈரமா, மூச்சு வாங்கினா வெயில் அடிச்சுடுச்சுன்னு அர்த்தம். சாதாரணத் தண்ணியில நனைச்ச துணியால காதையும் பாதத்தையும் ஒத்தி எடுத்துக்கிட்டே கால்நடை டாக்டர்கிட்ட ஓடுங்க. ஐஸ் வைக்காதீங்க, தண்ணியில முக்காதீங்க. அந்த அறை 35க்கு மேல போகும்னா வாங்காதீங்க, அவ்வளவுதான்.

சேலம்: வாரம் ஒருதடவை ஷாம்பு போடலாமா?

கூடாது. மணல்தான் அதுக்குக் குளியல். சலிச்சுக் கழுவி வாணலியில வறுத்து ஆறவெச்ச ஆத்து மணல், அகலக் கிண்ணத்துல 4 செ.மீ. "டஸ்ட்"னு விக்கற மாவு வேண்டாம், நுரையீரலுக்குப் போகும்.

திருப்பூர்: கடைக்காரர் ஜோடியாத்தான் தருவேன்னார். ரெண்டும் சிரியன். ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்குது. ஒரே கூண்டு போதும்ல?

வயசு?

திருப்பூர்: 5 வாரம்னார்.

அதான். ஆறு, எட்டு வாரம் வரைக்கும் கூடப்பிறந்ததுங்க ஒட்டிக்கும். அப்புறம் சிரியன் தனி ஆள். இன்னைக்கே ரெண்டாவது தொட்டி.

திருப்பூர்: தனியா இருந்தா ஏங்கிப்போகாதா? பாவம் இல்லையா?

நாய், கிளி எல்லாம் கூட்டமா வாழற ஜாதி, அதுங்க ஏங்கும். சிரியன் காட்டுலயே ஒரு வளைக்கு ஒண்ணுதான். அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருந்தா துணை இல்ல, எல்லைத் தகராறு.

பெங்களூரு: நடுவுல வரேன், மன்னிக்கணும். எங்க வீட்ல ரெண்டு ரோபோ (ரோபோரோவ்ஸ்கிங்கற குட்டை இனம்) ஒரு வருஷமா ஒண்ணா இருக்கு. சண்டையே இல்ல. நீங்க ரொம்பப் பயமுறுத்தறீங்க.

ரோபோ வேற இனம், நான் சொன்னது சிரியன். குட்டை இனத்துல ஒரே பாலினக் கூடப்பிறப்புங்க சில சமயம் சேர்ந்து ஓட்டும். ஓட்டுதான்னு எப்படித் தெரியும்? சமையல் தராசுல வாரம் ஒருதடவை ரெண்டையும் நிறுங்க. ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா, ஒண்ணு மட்டும் சக்கரத்துல ஏறினா, ஒண்ணு எப்பவும் வீட்டுக்கு வெளியே தூங்கினா, பின்பக்கமும் வயித்திலயும் சின்னச் சின்னக் கீறல் இருந்தா, சண்டை நடக்குது. நீங்க தூங்கற நேரத்துல நடக்குது.

பெங்களூரு: நிறுத்துப் பாத்தேன். 24 கிராம், 19 கிராம். இதுல என்ன இருக்கு, உடம்பு வாகு.

பின்பக்கத்து முடியை ஊதி விலக்கிப் பாருங்க.

பெங்களூரு: ...ரெண்டு தழும்பு இருக்கு. காஞ்சது. ஆனா விளையாட்டுல பட்டிருக்கலாம்.

கீச்சுன்னு கத்தி, துரத்தி, மல்லாக்கத் தள்ளறது விளையாட்டு இல்ல. பிரிங்க. பிரிச்ச பிறகு "பாவம்"னு மறுபடி சேக்காதீங்க, அப்பதான் கொலை விழும்.

திருப்பூர்: அப்போ என்னுது ஆண், பெண்ணா இருந்தா? அதுங்க சேர்ந்துதானே இருக்கணும்?

இன்னும் மோசம். சிரியன்ல பொட்டைதான் பெருசு, கடுவனை விரட்டிக் கடிக்கும். நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு ராத்திரி மட்டும்தான் சேரவிடும். சேர்ந்தா பதினாறாம் நாள் எட்டுப் பத்து குட்டி. தாயைத் தொந்தரவு பண்ணினா, கூட்டைக் கிளறினா, குட்டியைத் தின்னுடும். ரெண்டு வாரம் சோறு தண்ணி வெக்கறதைத் தவிரக் கையே வைக்கக்கூடாது. நாலாவது வாரம் ஆண், பெண் பிரிக்கணும். அத்தனைக்கும் தனித்தனித் தொட்டி வெச்சிருக்கீங்களா? கடைக்காரர் ஜோடியா தர்றதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு, ரெண்டுக்கும் காசு.

ஈரோடு: குளிப்பாட்டலாமா?

சேலத்துக்குச் சொன்னதுதான் ஈரோட்டுக்கும்.

நாகர்கோவில்: இடுப்புல ரெண்டு பக்கமும் கறுப்பா புள்ளி, முடி கொட்டி, சில நேரம் ஈரமா. புற்றுநோயா? சிரியன், ஆண், ஒரு வயசு.

ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல, ஒரே அளவுல இருந்தா அது வாசனைச் சுரப்பி. எல்லா சிரியனுக்கும் உண்டு, கடுவனுக்கு நல்லாத் தெரியும். குட்டை இனத்துக்கு வயித்து நடுவுல ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் புடைச்சு, புண்ணாகி வளர்ந்தா காட்டுங்க.

மதுரை: 6 வாரக் குட்டி சிரியன், வாங்கி நாலு நாள். வால் பக்கம் ஈரம், நாத்தம், கூனிக்கிட்டு உக்காந்திருக்கு. பாப்பாவுக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப் வீட்ல இருக்கு, எத்தனை சொட்டு?

ஒரு சொட்டுகூட வேண்டாம்! மூடி வைங்க. பென்சிலின் குடும்பம் ஹாம்ஸ்டர் குடல்ல இருக்கற நல்ல கிருமியை அழிச்சிடும். அந்த இடத்துல விஷம் கக்கற கிருமி பெருகி, நோயை விட மருந்தே முதல்ல கொல்லும். எரித்ரோமைசினும் அப்படித்தான்.

நீங்க சொல்றது "வெட் டெயில்"ங்கற வயித்துப்போக்கு நோய் மாதிரி இருக்கு. கடையில இருந்து வந்த, 3 முதல் 8 வாரக் குட்டிங்களுக்கு வர்றது. ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும், அதனால நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. இப்பவே கால்நடை மருத்துவமனைக்குப் போங்க. போறவரைக்கும் கதகதப்பா வைங்க, வெள்ளரி, கீரை எல்லாத்தையும் நிறுத்துங்க, தண்ணி கிட்டயே இருக்கட்டும். பக்கத்துல வேற ஹாம்ஸ்டர் இருந்தா கையைக் கழுவாம தொடாதீங்க. சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

சிட்னி: இங்க எங்க வாங்கலாம்?

ஆஸ்திரேலியாவுல ஹாம்ஸ்டர் வளர்க்கவே அனுமதி இல்ல. கினிப்பன்றி பாருங்க.

தஞ்சாவூர்: பாக்கெட் தீனி விலை அதிகம். வீட்லயே கலக்க முடியுமா? இட்லி கொடுக்கலாமா?

இட்லியில உப்பு, வேண்டாம். முழுக்க வீட்டுக் கலவை போட்டா சத்துக் குறையும், அதனால பாதி கடை பெல்லட் (அழுத்திச் செஞ்ச தீனித் துண்டு) இருக்கட்டும், புரதம் 16 முதல் 20 சதவீதம்னு போட்டிருக்கறதா. மீதிப் பாதி தினை, சாமை, கம்பு, ஓட்ஸ் சமமா. சூரியகாந்தி விதை நாளைக்கு ரெண்டு மூணு, அதுக்கு மேல கொழுப்பு. சிரியனுக்கு மொத்தம் நாளைக்கு 10 கிராம், குட்டை இனத்துக்கு அதுல பாதி. வாரம் ரெண்டுதடவை வேகவெச்ச முட்டை வெள்ளைக்கரு நகமளவு. கொத்தமல்லி, வெள்ளரி ஒரு துண்டு, நல்லாக் கழுவி. பழம் குட்டை இனத்துக்கு வேண்டாம், சர்க்கரை நோய் வர்ற ஜாதி. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு யாருக்குமே வேண்டாம். கிண்ணம் காலியாயிடுச்சேன்னு இன்னும் கொட்டாதீங்க. கன்னப்பையில அடைச்சுக்கிட்டுப் போய் மூலையில குவிச்சு வெச்சிருக்கும், அந்தக் குவியலைப் பாத்துக் கொடுங்க.

ஓசூர்: அந்தக் குவியலால எறும்பு. சாக்பீஸ் கோடு போடலாமா?

அது பூச்சிமருந்து, போடாதீங்க. கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்கு ஆகாது. தொட்டியை ஸ்டாண்டுல ஏத்தி, நாலு காலுக்கும் தண்ணிக் கிண்ணம் வைங்க. ஈரத்தீனியை ராத்திரி வெச்சா காலையில எடுத்துடுங்க.

ஊட்டி: காலையில சில்லுன்னு விறைச்ச மாதிரி கிடக்கு. மூச்சு தெரியல. புதைச்சிடறதா?

பொறுங்க! குளிர்ல உறக்கத்துக்குப் போயிருக்கலாம். மீசையை ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க, ரொம்ப மெதுவா ஆடும். கையில பொத்தி உடம்புச் சூட்டுல ஒரு மணி நேரமாவது வைங்க. ஹீட்டர் கிட்டக் கொண்டுபோகாதீங்க. முழிச்சா தண்ணியும் தீனியும் முதல்ல. நடுக்கம் நிக்கலைன்னா டாக்டர். அந்த அறையை 18க்குக் கீழ போகவிடாதீங்க.

கடலூர்: பையனைக் கடிச்சிடுச்சு, ரத்தம் வந்துச்சு. நாய்க்கடி ஊசி போடணுமா?

ஓடற தண்ணியில சோப்புப் போட்டுக் காமணி நேரம் கழுவுங்க. வீட்டுக்குள்ள வளர்ற ஹாம்ஸ்டர்ல இருந்து வெறிநோய் வர்றது கிட்டத்தட்ட கேள்விப்படாத விஷயம். ஆனா டெட்டனஸ் ஊசி போட்டிருக்கான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. தூங்கறதை எழுப்பித் தூக்கினானா? கையில தின்பண்ட வாசனையா? ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும்.

விழுப்புரம்: சிரியன் ஜோடி வாங்கியிருக்கோம், ஒரே கூண்டுல...

திருப்பூர்க்காரர் கேட்டதை மேல போய்ப் படிங்க. படிச்சிட்டு இன்னொரு தொட்டியோட வாங்க.

திருப்பூர்: தொட்டி வாங்கிட்டேன். கடைக்காரர் ஒண்ணைத் திருப்பி எடுத்துக்க மாட்டேங்கிறார்.

நல்லதாப் போச்சு, அங்க போனா மறுபடி யாருக்காவது ஜோடியாத்தான் விப்பார். ரெண்டாவது சக்கரம் 11 அங்குலம், மறந்துடாதீங்க.