கடைசல் மெஷின் சத்தம் போட்டால் முதலில் பெயாரிங்கைக் கழற்றாதீர்கள்

கேள்வி: ஐயா, தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மரவேலை செய்கிறேன். மொரட்டுவையில் ஒரு பழைய கடைசல் மெஷினை வாங்கி லொறியில் கொண்டு வந்தேன். கட்டில் கால், கதிரைக் கால், கிண்ணம் எல்லாம் கடைவேன். காலையில் ஓடவிட்டால் 'டொப் டொப்' என்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். கட்டை மாட்டிக் கடையும்போது சில நேரம் 'கீச்' என்று கத்துகிறது. இப்போது ஓர் உறுமலும் சேர்ந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் "பெயாரிங் போய்விட்டது, மாற்று" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? மழைக்காலத்தில் பொலித்தீன் போட்டு மூடி வைக்கிறேன், அது சரியா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பது ஒரு சத்தம் இல்லை, மூன்று. மூன்றும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு பெயாரிங் (சுற்றும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) வாங்கப் போகாதீர்கள். நல்ல பெயாரிங்கைக்கூட 'சும்மா பார்ப்போம்' என்று இழுத்துக் கழற்றினால் அது கெட்டுவிடும். வெளி வளையத்தைப் பிடித்து இழுக்கும்போது உள்ளே இருக்கும் குண்டுகள் வளையத்தின் தடத்தில் பள்ளம் போட்டுவிடுகின்றன. அதனால் பெயாரிங்கைத் தொடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதல் வேலை, மெஷினில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சத்தம் எப்போது நிற்கிறது என்று கேட்பது. கட்டையைக் கழற்றுங்கள், டெயில்ஸ்டொக்கை (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதியை) பின்னால் தள்ளுங்கள், வெறுமனே ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியானால் கோளாறு மரத்திலோ, மரத்தைப் பிடித்திருக்கும் இடத்திலோதான். போகவில்லையா? பிளக்கை இழுத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மறுபடி பிளக்கை இழுத்துவிட்டு, ஸ்பிண்டிலை (கட்டையைச் சுழற்றும் தண்டை) கையால் சுற்றிப் பாருங்கள். கால் மணி நேர வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் பெயாரிங் வாங்கியவர்கள்தான் அதிகம்.

இனி உங்கள் காலை நேர 'டொப் டொப்'. இது பெரும்பாலும் பெல்ட். ரப்பர் வீ பெல்ட் ஒரே நிலையில் இறுகி நின்றால், புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) சுற்றி வளைந்திருந்த இடம் அப்படியே வளைந்து படிந்துவிடும். தலவாக்கலைக் குளிரில் இரவு முழுக்க நின்றால் இன்னும் விறைக்கும். ஓட ஓடச் சூடேறி இளகிக்கொடுக்கும், சத்தமும் அடங்கும். பெல்ட்தானா என்று உறுதி செய்ய ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிண்டில் புல்லியின் விட்டம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு ஏறக்குறைய 314 மி.மீ. பெல்ட்டின் நீளம் 1,000 மி.மீ. என்றால், ஸ்பிண்டில் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் பெல்ட் ஒரு சுற்று முடிக்கும். நிமிடத்துக்கு 750 சுற்றில் ஸ்பிண்டில் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஸ்பிண்டிலில் கோளாறென்றால் அடிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே அதிர்வாகத்தான் வரும். பெல்ட்டின் அடி நொடிக்கு நாலுதான், தனித்தனியாகக் காதில் விழும். நீங்கள் 'டொப் டொப்' என்று பிரித்து எழுதியிருப்பதே பெல்ட்டைத்தான் காட்டுகிறது.

பெல்ட்டைக் கழற்றிய கையோடு உட்பக்கத்தை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ, நூல் பிரிந்திருந்தாலோ, ஓரங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ மாற்றிவிடுங்கள். இன்னொன்று: வீ பெல்ட் புல்லிக் காடியின் இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்துத்தான் ஓட வேண்டும், காடியின் அடித்தளத்தில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் வழுக்கும். அளவு தெரியாமல் கடைக்காரர் கொடுத்த பெல்ட்டில் இது நடக்கும். பழைய பெல்ட்டைக் கையில் கொண்டு போங்கள்.

பெல்ட் நன்றாக இருந்தும் அடிக்கிறது, அதுவும் உளியை அழுத்தும்போது மட்டும் 'டக் டக்' என்று உலோகச் சத்தமாக வருகிறது என்றால், புல்லியைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூவைப் பாருங்கள். ஒரு கையால் புல்லியை அசையாமல் பிடித்து, மறு கையால் ஸ்பிண்டிலை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியும். மொரட்டுவையிலிருந்து லொறியில் ஏறி வந்த மெஷின் இந்த வளைவு நெளிவில் எவ்வளவு குலுங்கியிருக்கும்! எல்லா நட்டையும் ஒரு தரம் முறுக்கிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கீச்சுச் சத்தம். டெயில்ஸ்டொக்கில் இருப்பது சுற்றாத கூர் சென்டராக (கட்டையின் நுனியில் குத்தி நிற்கும் முனையாக) இருந்தால், மரம் அதன்மேல் உராய்ந்து கத்தும். கட்டையின் நுனியைக் கழற்றிப் பாருங்கள், கறுப்பாகக் கருகிய வளையம் இருந்தால் அதுதான். மெழுகுதிரியைக் கொஞ்சம் தேய்த்தால் உடனே அடங்கும். மரம் சூட்டில் தேய்ந்து பிடி தளர்வதால், இடையிடையே சென்டரை ஒரு பொட்டு முன்னே தள்ளவும் வேண்டும். சுற்றும் சென்டர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், இந்தத் தொல்லையே இல்லை. ஏற்கெனவே சுற்றும் சென்டர்தான் என்றால், விரலால் சுற்றிப் பாருங்கள். அதற்குள்ளும் பெயாரிங் இருக்கிறது, அதுவும் தேயும். கீச்சு வரும்போது ரப்பர் கருகும் வாசனையும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சத்தம் உண்டு. நீளமான, மெலிந்த கதிரைக் காலின் நடுப்பகுதியைக் கடையும்போது 'ர்ர்ர்ர்' என்று அதிர்ந்து, மரத்தில் திருகுத் திருகாகக் கோடு விழும். மெஷினில் ஒன்றும் இல்லை, மரம்தான் வில்லாக வளைகிறது. டெயில்ஸ்டொக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள், அல்லது உளி மழுங்கியிருக்கும், அல்லது உளி தாங்கும் கட்டை மரத்திலிருந்து தள்ளி இருக்கும்.

உறுமல்தான் நான் கவனமாகப் பார்க்கச் சொல்வது. இதற்கு ஒரு நல்ல சோதனை: உச்ச வேகத்தில் ஓடும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, நிற்கும் வரை காது கொடுங்கள். அணைத்த அந்த நொடியே உறுமல் அறுந்தால் அது மின்சாரச் சத்தம், மோட்டரின் வேலை. ஸ்பிண்டில் மெதுவாகும்போது உறுமலும் கூடவே இறங்கி 'கொரகொர' என்று முடிந்தால் அது பெயாரிங் பக்கம். (நிற்கும் முன் மோட்டருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கலாம். கப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சுவிட்ச் திரும்பவும் தன் இடத்துக்கு வரும் ஓசை அது. பயப்பட வேண்டாம்.)

மோட்டர் பக்கம் என்றால் கரண்டையும் பாருங்கள். நம் நாட்டு வழங்கல் 230 வோல்ட், ஆனால் தூரத்திலிருந்து மெலிந்த வயரில் இழுத்து வந்த லைனில் மோட்டர் எடுக்கும் நேரத்தில் அழுத்தம் விழுந்துவிடும். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள், அப்படியே பிடித்து வைத்தால் வயண்டிங் (மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) கருகும். கப்பாசிட்டரை நீங்களே தொட வேண்டாம். பிளக்கை இழுத்த பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், மின்வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பெயாரிங் பக்கம் என்றால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை மெல்லச் சுற்றுங்கள். வழுவழுவென்று போக வேண்டும். சொரசொரப்போ, சமமான இடைவெளியில் சின்னச் சின்னத் தட்டுதலோ விரலில் பட்டால் பெயாரிங் கெட்டிருக்கிறது. அந்தச் சமமான தட்டுதலுக்கு மலைநாட்டில் இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, சுற்றாமல் நின்ற நிலையிலேயே லொறியில் குலுங்கி வந்தது. குண்டுகள் ஒரே இடத்தில் உரசி உரசித் தடத்தில் குழி போடும். மற்றது ஈரம். பனிமூட்டத்தில் குளிர்ந்த இரும்பில் நீர் கோத்து, குண்டு நிற்கும் இடத்தில் துரு பிடிக்கும். இரண்டையும் கிறீஸ் போட்டுச் சரிசெய்ய முடியாது. கொஞ்ச நாள் சத்தம் அமுங்கும், அவ்வளவுதான்.

எந்தப் பெயாரிங் என்று தெரிய, தேயிலைத் தொழிற்சாலை பிட்டர்மார் செய்வதைச் செய்யலாம். பெல்ட்டைத் திரும்ப மாட்டி ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஹெட்ஸ்டொக்கின் (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டியின்) அசையாத பகுதியில், பெயாரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்து, பிடியைக் காதுக்கு முன் எலும்பில் அழுத்திக் கேளுங்கள். முன்னும் பின்னும் மாறி மாறிக் கேட்டால் வித்தியாசம் புரியும். சட்டைக் கை, துவாய் எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக்கூடாது.

மாற்றுவதென்று முடிவானால் முன், பின் பெயாரிங் இரண்டையும் மாற்றுங்கள், கழற்றும் சிரமம் ஒன்றுதான். வளையத்தில் எண் பொறித்திருக்கும். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.; 6205 என்றால் 25, 52, 15. இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மரத்தூளுக்கும் நம் ஊர் ஈரத்துக்கும் தகர மூடி போதாது. ஸ்பிண்டிலில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் தட்ட வேண்டும், பெட்டிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும். மாற்றித் தட்டினால் அடி குண்டு வழியாகப் போய்ப் புதுப் பெயாரிங்கையே முதல் நாளிலேயே கெடுத்துவிடும்.

கட்டை மாட்டினால் மட்டும் மெஷின் முழுக்க ஆடி உறுமுகிறது என்றால் இதெல்லாம் தேவையில்லை. சபுக்கு, டர்பன்டைன் மரம் எல்லாம் இங்கே லேசில் காயாது. ஒரு பக்கம் ஈரமும் ஒரு பக்கம் உலர்வுமாக இருந்தால் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். பிடுங்கிய பழைய தேயிலைத் தூரில் கிண்ணம் கடைபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேகத்துக்குப் பழைய கணக்கு ஒன்று: கிண்ண வேலையில் அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும். 6 அங்குலக் கட்டைக்கு 1,000 முதல் 1,500 சுற்று. உருட்டாத கோணல் கட்டைக்கு அதற்கும் கீழே தொடங்குங்கள். மெஷினின் நாலு காலும் தரையில் படிகிறதா என்றும் பாருங்கள். லயத்து வாசலில் வைத்திருந்தால் அந்த அதிர்வு உங்களைவிடப் பக்கத்துக் காம்பராக்காரருக்குத்தான் நன்றாகக் கேட்கும்.

ஒரு சத்தத்துக்கு மட்டும் சோதனை கிடையாது. கடைந்துகொண்டிருக்கும்போது மரத்திலிருந்து புதிதாக 'டிக் டிக்' என்று கேட்டால், கட்டை பறக்கும் நேர்கோட்டிலிருந்து விலகி நின்று சுவிட்சை அணையுங்கள். வெடிப்பு விடும் மரம் அது. கண்ணாடியும் முகத் தடுப்பும் இல்லாமல் மெஷின் முன்னால் நிற்கவே வேண்டாம்.

பொலித்தீன் விஷயம்: வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் இரவில் இரும்பிலேயே படியும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பழைய பருத்திப் போர்வையைப் போடுங்கள். கூரை ஒழுகினால் பொலித்தீனை மெஷினில் சுற்றாமல், மேலே உயர்த்திக் கட்டுங்கள். கிழமைக்கணக்கில் வேலை இல்லையென்றால் பெல்ட்டைத் தளர்த்தி வைத்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஸ்பிண்டிலைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.