கேள்வி – பதில்: ஓர் எழுத்துக்கு எத்தனை பிட்?

கேள்வி: பயிற்சிக்காகச் சிறிய இயங்குதளம் ஒன்றை எழுதத் தொடங்கியுள்ளேன். எழுத்து என்னும் தரவு வகைக்கு 8, 16, 32 ஆகியவற்றுள் எத்தனை பிட் ஒதுக்குவது? எழுத்துகளின் தொடரான சரத்தைச் சி மொழியைப் போலச் சுழியத்தால் முடிப்பதா, நீளத்தையும் உடன் வைப்பதா?
– கணினி அறிவியல் மாணவர் ஒருவர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. நீளத்தை உடன் வையுங்கள்; முடிவுச் சுழியம் விடுபட்ட ஒரு சரம், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைத் தனக்கு உரிமையில்லாத நினைவகம் வரை படிக்க வைத்துவிடும். ஆனால் நீளத்தைக் குறிக்கும் இடத்தில் சிக்கனம் வேண்டாம். விண்டோஸ் என்டி கெர்னலின் சர வகை நீளத்தை 16 பிட்டில், பைட் கணக்கில் வைத்துக்கொள்கிறது. அதில் எழுத்தைக் குறிக்கும் ஓர் அலகுக்கு 2 பைட், அதாவது 16 பிட், என்பதால் சரம் 32,767 அலகுகளைத் தாண்ட இயலாது.

முதல் கேள்விதான் வலை. 1993இல் என்டி வெளியானபோது உலகின் எழுத்துகள் யாவும் 16 பிட்டில் அடங்கிவிடும் என்றே கருதப்பட்டது. 1996இல், உலக எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடின் 2.0 பதிப்பு அந்த எல்லையைக் கடக்க வழி செய்ததும், அது தரும் எண்ணான ஒரே குறியெண்ணுக்குச் சில வேளைகளில் இரண்டு அலகுகள் தேவைப்பட்டன. 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகள் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கின்றன. லினக்ஸில் வழக்கமாக உள்ளதைப் போல அகன்ற எழுத்து (wchar_t) வகைக்கு 32 பிட் கொடுத்தாலும் சிக்கல் தீராது. 'நி' என்பது நமக்கு ஓரெழுத்து, யூனிகோடுக்கோ இரண்டு குறியெண்கள்.

ஆகவே கெர்னலில் 'எழுத்து' என்ற வகையே வேண்டாம் என்பது என் கருத்து. நீளம் குறித்த பைட் வரிசையும், குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கமும் போதும். எழுத்தைப் பிரிப்பது மேலுள்ள நூலகத்தின் வேலை. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் பிளான் 9 இயங்குதளத்துக்காக வகுத்த இந்தக் குறியாக்கத்தில், ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எந்த எழுத்தின் பைட்டுகளுக்குள்ளும் சுழியமோ சாய்கோடோ தோன்றாது என்பதால், மொழியறியாத கெர்னலும் கோப்புப் பாதையைத் தவறின்றிப் பிரித்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. வழக்கமான தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால், லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கோப்புப் பெயருக்குத் தரும் 255 பைட்டில் 85 குறியெண்களே அடங்கும். 16 பிட் அலகுகளில் எண்ணும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலோ 255 அடங்கும். உங்கள் வரம்பைத் தாராளமாக வையுங்கள், ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்து அளக்காதீர்கள்.

கோப்புப் பெயர்களை ஒப்பிடுவதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பைட்டுகளை மட்டும் பார்க்கும் லினக்ஸில் இவை, பார்வைக்கு ஒரே பெயருடைய இரு வேறு கோப்புகளாகிவிடும். ஆப்பிளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயரைப் பிரித்த வடிவமாக மாற்றியே சேமித்தது. பின்வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தைக் காத்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. பயனருக்கு இந்தக் கடைசி முறையே நல்லது. ஆனால் அதற்கு யூனிகோட் அட்டவணையைக் கோப்பு முறைமைக்குள் சுமக்க வேண்டும் என்பதால், முதல் பதிப்புக்கு லினக்ஸின் வழியையே பின்பற்றுங்கள்.