பதில் தெரியாவிட்டால் நான் விசுவாசி இல்லையா?

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நிறையப் படிப்பவர். சில மாதங்களாக இடைவேளைகளில் என் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முதலில் எப்படியோ சமாளித்தேன். போன வாரம் 1 யோவான் 5:7ஐக் காட்டி, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற வரி பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற உங்கள் திரித்துவமே இப்படி வந்ததுதான் என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். வரி பின்னால் சேர்ந்தது என்பது உண்மைதான் போலிருக்கிறது. அன்றிலிருந்து ஜெபிக்க முழங்காலிட்டால் அந்த வரிதான் கண்முன் நிற்கிறது. சபையில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். "இந்த மாதிரிக் கேள்விக்கு மனதில் இடம் கொடுக்காதே, அது விசுவாசக் குறைவு" என்றார். ஒரு கேள்விக்கே பதில் சொல்ல முடியாத நான் கிறிஸ்தவன்தானா? அந்த நண்பரோடு உட்காருவதையே விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த வசனம் உண்மையா என்பது ஒன்று. நான் யார் என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் கிடைத்தால்தான் இரண்டாவதும் நிற்கும் என்று நினைத்துவிட்டீர்கள். ஜெபம் அங்கேதான் தடைப்பட்டிருக்கிறது.

நீங்கள் தேவனுடைய பிள்ளை என்பதற்கு யார் சாட்சி என்று ரோமர் 8:16இல் பாருங்கள். ஆவியானவர் சாட்சி கொடுக்கிறார் என்றிருக்கிறது. உங்கள் வாதத்திறமை அந்த இடத்தில் பேசப்படவே இல்லை. ஞானஸ்நானம் பெற்ற நாளில் உங்களை யாரும் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றித் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளவில்லை. கிருபையாகக் கிடைத்ததை ஒரு நண்பரின் கேள்வி திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. இதை முதலில் மனதில் ஊன்றிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் மற்ற பதில்களைப் படித்தால், அடுத்த கேள்வி வரும்வரைதான் நிம்மதி.

இனி அந்த வசனம். நண்பர் சொன்னதில் பாதி சரி. சரியான பாதியைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் எனப்படும் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அந்த வரி கிடையாது. லத்தீன் பிரதிகள் வழியாக வளர்ந்த வரி அது. அறிஞர் எராஸ்மஸ் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 1516, 1519 பதிப்புகளில் இல்லை; 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ஏறியது. அந்த மரபைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகள் வழியாக நம் பழைய தமிழ் வேதாகமத்துக்கும் வந்தது. பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவும் அதை நீக்கிவிட்டன, அல்லது அடிக்குறிப்பில் வைத்திருக்கின்றன. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் தாம் வாழ்ந்த காலத்தில் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமங்களிலும் அந்த வரியைச் சேர்க்கவில்லை. அதனால் அவருடைய திரித்துவ விசுவாசம் ஒரு பிடி குறைந்ததா?

தவறான பாதி, "திரித்துவமே இப்படி வந்தது" என்பது. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர் மாநாட்டில், குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையை எதிர்த்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று சபை அறிக்கையிட்டது. அந்த நூற்றாண்டு முழுக்க நடந்த அத்தனை வாதத்திலும் கிரேக்கச் சபைப்பிதாக்கள் யாரும் இந்த வரியை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் முதலில் இதைத்தானே காட்டியிருப்பார்கள்? அவர்கள் நின்றது யோவான் முதல் அதிகாரம், பிலிப்பியர் இரண்டு, மத்தேயு 28:19 போன்ற பகுதிகளின்மேல். பிலிப்பியர் நிருபம் நிசேயாவுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முந்தியது. கிறிஸ்தவரல்லாத ஒருவரின் சாட்சியும் இருக்கிறது. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணித் துதிப்பாடல் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வரி பின்னால் சேர்ந்தது என்று எப்படித் தெரிந்தது? பழைய பிரதிகள் ஏராளமாகக் கிடைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததால்தான். எது சேர்க்கை என்று காட்டிக்கொடுக்கும் அதே ஒப்பீடுதான் மற்றப் பகுதிகளின்மேல் நமக்கு உறுதியையும் தருகிறது. மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை, இந்த இரண்டு பகுதிகளும் மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் இல்லை. நண்பர் அடுத்து அங்கேதான் வருவார். இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். "வேதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை" என்று மேடையில் சொல்லிக் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்பவர்தான் சீக்கிரம் உடைகிறார். ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும், அவர் கட்டியது அத்தனையும் சரிந்துவிடும்.

பேசும் முறைக்கு வருகிறேன். ஒரு நோட்டுப் போட்டு, நண்பரின் கேள்வியை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். நம் வார்த்தைகளில் மாற்றி எழுதினால், அவர் கேட்காத கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்போம். அது வரலாற்றுக் கேள்வியா, ஒரு வசனத்தின் பொருளைப் பற்றியதா, வலியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். வரலாறு என்றால் படித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். அந்த நாளில் நண்பர் மறந்திருந்தாலும் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். பொருள் என்றால் அந்த அதிகாரத்தை முழுதாக, முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களோடு சேர்த்துப் படித்த பிறகு வாயைத் திறங்கள். "நல்ல கடவுள் என்றால் ஏன் இப்படி விட்டார்?" என்பது பெரும்பாலும் வலி. அதற்கு ஆண்டுக்கணக்கும் ஆதாரமும் வேண்டாம். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

ஐந்தாறு கேள்விகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எதற்கும் பதில் சொல்லாதீர்கள். "இதில் எதற்குப் பதில் கிடைத்தால் உங்களுக்கு முக்கியம்?" என்று கேளுங்கள். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு வேறு, உங்கள் வேதவாசிப்பு வேறாக இருக்கட்டும். பதில் தேடியே வேதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர் சில மாதங்களில் அதைத் தமக்காகப் படிக்க மறந்துவிடுகிறார். ஜெபத்தில் அந்த வரி முன்னால் வந்தால் விரட்ட வேண்டாம். ஆண்டவரிடமே அதைச் சொல்லுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று தன் மகனுக்காகக் கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை (மாற்கு 9:24).

சபை மூத்தவர் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. சிறையிலிருந்து "வருகிறவர் நீர்தானா?" என்று ஆளனுப்பிக் கேட்டவன் யோவான்ஸ்நானன். அந்த அதிகாரத்திலேயே இயேசு அவனை எவ்வளவு உயர்த்திப் பேசுகிறார் என்று மத்தேயு 11இல் பாருங்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தையும் இந்த வாரம் மெதுவாகப் படியுங்கள். பிறவிக்குருடனாயிருந்து இயேசுவால் பார்வை பெற்றவனை அயலார் விசாரிக்கிறார்கள், பரிசேயர் இரண்டு தடவை விசாரிக்கிறார்கள். அவன் இரண்டு இடங்களில் "எனக்குத் தெரியாது" என்கிறான். வெட்கப்படவே இல்லை. முதலில் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறான். அடுத்த விசாரணையில் "தீர்க்கதரிசி". அதற்கடுத்ததில், தேவனிடத்திலிருந்து வராவிட்டால் அவர் ஒன்றும் செய்யமாட்டாரே என்று எதிர்வாதம் செய்கிறான். கேட்கக் கேட்க அவனுக்கே தெளிகிறது. அவனைப் புறம்பே தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு இயேசு தேடி வந்த பிறகுதான் பணிந்துகொள்கிறான். அவனுடைய பெற்றோருக்கும் விஷயம் தெரியும். பயத்தில் "அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

நண்பரோடு உட்காருவதை விடவேண்டாம். இந்த வாரம் போய், "நீங்கள் சொன்ன வரி விஷயம் சரி, பார்த்தேன். திரித்துவம் அதிலிருந்து வந்தது என்பதுதான் சரியில்லை, ஏனென்று சொல்லவா?" என்று தொடங்குங்கள். கேட்டால் சொல்லுங்கள். கேலிக்காகவே கேட்கிறார், பதிலுக்குக் காது கொடுப்பதில்லை என்று தெளிவாகத் தெரிந்தால், "இதை மட்டும் விட்டுவிடுவோம், வேறு பேசலாம்" என்று சொல்லிவிடலாம். ஏரோது அநேக காரியங்களைக் கேட்டபோது இயேசு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை (லூக்கா 23:9).