தோப்பை அடகு வைக்காதீர்கள், அம்மா

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

இரண்டாம் முறையும் நீட் மதிப்பெண் சீட்டுக்குப் போதவில்லை என்றால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராதுதான். ஆனால் தென்னந்தோப்பை அடகு வைத்து மகளை ஜார்ஜியாவுக்கு அனுப்பச் சொல்லும் உங்கள் கொழுந்தனாரின் யோசனை தவறு. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்றால் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஓராண்டுப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, தேறினால் இங்கே இன்னும் ஓராண்டுப் பயிற்சி. அந்தத் தேர்வில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்களே அதிகம். வட்டி அதுவரை காத்திருக்காது.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரை சாப்பிடும் தாத்தாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து, உங்கள் மகள் "இந்த 0.08 சதவீதத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டாளாமே. அவளுடைய படிப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அந்த எண் ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் அளவு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெப்பாரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். (PCR) சோதனையைத் தடுத்துவிடும். வெள்ளணுக்களிலிருந்து மரபணுவின் வேலை நகலான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதை சி.டி.என்.ஏ. என்ற டி.என்.ஏ. நகலாக மாற்றி, நோய் மரபணுவான பி.சி.ஆர்-ஏ.பி.எல்.லையும் (BCR-ABL) ஒப்பீட்டுக்கு இயல்பான மரபணுவான ஏ.பி.எல்.லையும் (ABL) எண்ணி, விகிதத்தைச் சர்வதேச அளவுகோலுக்கு மாற்றுவார்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. 12 மாதத்தில் 0.1-க்குள் வந்துவிட்டால் மருந்து நன்றாகக் கேட்கிறது. கையுறை இல்லாமல் தொட்டாலோ, மாதிரி வெயிலில் பஸ்ஸில் தாமதமாகப் போனாலோ ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். அப்போது ஏ.பி.எல். எண்ணிக்கை 10,000-க்குக் கீழே இறங்கும்; அந்த ரிப்போர்ட்டில் 'நோய் இல்லை' என்று வந்தாலும் நம்பக் கூடாது. அதைக் கவனித்து மறு மாதிரி கேட்கிறவர் டெக்னாலஜிஸ்ட். வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோயான அக்யூட் லுகேமியாவிலும் நோய் திரும்புமா என்று கணிக்க இதே வழியில் மரபணுக்களை அளக்கிறார்கள். 17 மரபணுக்களை வைத்துப் போடும் மதிப்பெண் ஒன்று 2016-இல் வந்தது.

இந்த வேலைக்கு முதல் படி பி.எஸ்சி. எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் படிப்பு. கேரளத்தில் எல்.பி.எஸ். சென்டர் என்ற அரசு அமைப்பு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து ஒதுக்கீடு நடத்துகிறது. பிறகு மாலிக்யூலர் பயாலஜி அல்லது ஹியூமன் ஜெனெடிக்ஸில் எம்.எஸ்சி. அவசியம். இளங்கலையோடு நின்றால் ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். நர்சிங், பார்மசி பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருப்பார்கள்.

கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள். சொந்த மருத்துவமனை உண்டா? கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழக இணைப்பு உண்டா? ரியல்-டைம் பி.சி.ஆர். எந்திரத்தை மாணவர்கள் தொடுவார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்களா? மூன்றாவதற்கு மழுப்பினால் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

வில்லேஜ் ஆபீஸில் நேட்டிவிட்டி (பூர்வீக) சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியலும் ஆதாரில் அப்பாவின் முழுப்பெயருமாக இருப்பது நம் தமிழ்க் குடும்பங்களில் சாதாரணம். விண்ணப்பிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். கொழுந்தனாரிடம் பேசுவதற்கு முன் மகளிடம் பேசுங்கள், தாத்தாவின் ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு.